காளியாயியின் ஒரு பக்கத்து மூச்சு

காளியாயி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே, வேலை முடிந்து கீழே லயத்து வரிசை வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் புருஷன் செல்லசாமிக்குச் சேதி சொல்வாள். "இந்தாங்க! அடுப்புல பருப்பு இருக்கு, பூனையப் பாத்துக்கங்க!" இருவருக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம், அதன் அடியில் ரயில் பாதை. செல்லசாமிக்குக் கேட்கும். பூனைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் வீட்டுப் பருப்பை அது தொட்டதாக நான் அறியவில்லை.

அப்படிக் கத்துவதற்குத் தொண்டை மட்டும் போதாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரித்துக்கொண்டு, கவிழ்த்த சட்டி போல ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது கீழே இறங்கும்போது நெஞ்சில் இடம் கூடும். காற்று தானாக உள்ளே வரும். நாம் காற்றை இழுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இடம்தான் கொடுக்கிறோம், காற்று வந்து உட்காருகிறது. காளியாயியின் நெஞ்சில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் அப்போது மருத்துவிச்சி. நாடு சுதந்திரமடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிரசவம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். பெரிய நோய்களை டாக்டரையா பார்ப்பார். அவர் பெயர் ஜெயரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். படித்தது மருந்து கலக்கத்தான் என்றாலும் தோட்டத்தில் எல்லாரும் அவரை டாக்டர் என்றே சொன்னார்கள். அவர் மறுக்கவுமில்லை.

காளியாயி அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, நான்கு பிள்ளைகள் பெற்றவள். கடைசிப் பெண்ணுக்கு ஒரு வருஷம் கடும் அம்மை போட்டது. பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. இரண்டு வருஷம் எடுத்தாயிற்று. நான் சொல்வது மூன்றாவது வருஷம். இந்தக் கடைசிச் சட்டியை எடுக்காமல் விட்டால் அம்மை திரும்பி வந்துவிடும் என்று அவள் உறுதியாக நம்பினாள். நான் அப்படி நம்பவில்லை. ஆனால் நம்புகிறவளிடம் போய் வாதாடி என்ன ஆகப்போகிறது?

அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வெற்றிலை. காலையில் எழுந்ததும் போடுவாள், பறிக்கும்போது போடுவாள், பிரசவ வலியிலும் போட்டாள். நான்தான் வாயைக் கழுவவைத்தேன். ஆனால் கோயிலில் காப்புக் கட்டியதும் நிறுத்திவிடுவாள். இறைச்சி, மீன், வெற்றிலை, எதுவும் திருவிழா முடியும்வரை கிடையாது.

அந்த மாசியில் காப்புக் கட்டி மூன்று நாள் கழித்து, பேச்சியம்மா மலையில் ஒரு கல்லைப் பார்த்தாள். கல்லின்மேல் சிவப்பாக எச்சில்.

பேச்சியம்மா செல்லசாமியின் தங்கை. லயத்து அறையைக் காம்பிரா என்பார்கள். அவள் காம்பிராவுக்கும் காளியாயி காம்பிராவுக்கும் நடுவே ஒரே சுவர். சுவரை விடப் பேச்சுத்தான் அதிகம்.

"மதினி! இது யாரு துப்புனது?"

"நான்தான்டி. தொண்ட கட்டிக்கிட்டு இருக்கு, காறித் துப்புனேன்."

"காப்பக் கையில கட்டிக்கிட்டு வெத்தலையா போடுறீங்க?"

"மாரியாத்தா மேல சத்தியம், வெத்தலையத் தொடல."

"அப்ப இது என்னா, குங்குமமா?"

காளியாயி கிட்டப் போய்ப் பார்த்தாள். அவளுக்கே அது புதிது. காப்புக் கட்டும்வரை அவள் எச்சில் சிவப்பாகவே இருந்ததால், அதில் வேறு சிவப்பும் இருந்தால் யாருக்குத் தெரியும்? பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கை நின்றது. அவர்களில் ஒருத்தி, யாரென்று தெரியவில்லை, மெதுவாகச் சொன்னாள்: "ரத்தமா இருக்குமோ? கசம் வந்தா இப்படித்தான் துப்புவாங்களாம்."

கசம் என்றால் காசநோய். காசம் என்று எழுதினால் தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் வெட்டப்படும், டவுனுக்கு அப்பால் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் படுக்கவைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். காளியாயி ஒரு மூச்சு யோசித்தாள். பிறகு அந்தப் பள்ளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வெத்தலைதான்! போட்டுட்டேன்! இப்ப என்னாங்கிற?"

வியாதிக்காரி என்று பெயர் எடுப்பதை விட வெற்றிலைத் திருடி என்று பெயர் எடுப்பது லாபம் என்று கணக்குப் போட்டாள். கணக்கு தப்பு. அன்று மாலையே பூசாரி வீரய்யா ஆள் அனுப்பினார். விரதம் கெட்டவள் சட்டி எடுக்கக் கூடாது.

மறுநாள் அவள் டிஸ்பென்சரிக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"நர்சம்மா, எச்சிய வெள்ளையாக்குற மருந்து இருக்குங்களா?"

"எச்சில் வெள்ளையாத்தானே இருக்கும். நீ வெத்தலைய விடு."

"விட்டுட்டேங்க."

"போட்டேன்னு நீயே சொன்னியாமே, பேச்சியம்மா சொன்னா."

"அவகிட்ட அப்படிச் சொன்னேன். ஒங்ககிட்ட இப்படிச் சொல்றேன்."

ஒரு எனாமல் தட்டைக் கொடுத்துத் துப்பச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சி, பின்தொண்டையிலிருந்து ஒரு காறல் காறினாள். தட்டில் கருஞ்சிவப்பாக விழுந்தது. நான் டாக்டரையாவைக் கூப்பிட்டேன்.

அவர் குழாயை அவள் முதுகில் வைத்து, "மூச்சை இழு, விடு," என்றார். அவள் இழுத்த இழுப்பில் மேசையிலிருந்த துண்டுச் சீட்டுகள் அவள் பக்கம் நகர்ந்தன என்று சொன்னால் மிகை. ஆனால் டாக்டரையா குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டார்.

"நெஞ்சில ஒரு கரகரப்பும் இல்லை."

"அப்ப நல்லதுதானுங்களே?"

"நல்லதுதான். ஆனால் ரத்தம் எங்கையோ இருந்துதானே வருது? நெஞ்சுப் படம் எடுக்காமல் நான் உன்னைச் சனத்துக்குள்ள விடேலாது. வாற வெள்ளி நானுஓயாவுக்கு ரயில் ஏறிப் போய், டவுன் ஆஸ்பத்திரியில படம் எடு."

"வெள்ளிதானுங்க தீச்சட்டி! அடுத்த வெள்ளி போறேனுங்க."

"இருமி ரத்தம் துப்புற ஆள் திருவிழாவுக்குப் போறதோ? கதை விடாத."

"நான் இருமலீங்கய்யா. காறுறேன்."

"இருமலோ காறலோ, படம் வரட்டும்."

ஆக, சட்டியைப் பூசாரியும் தரமாட்டார், டாக்டரையாவும் விடமாட்டார். அவள் ஒன்றும் பேசாமல் போனாள். காளியாயி பேசாமல் போனது எனக்கு ரத்தத்தை விடப் பெரிய அறிகுறியாகப் பட்டது.

அவள் சொன்னதையும் நான் யோசித்தேன். இருமல் வேறு, காறல் வேறு. இருமலில் நுரையீரல் தன் காற்றை வெடித்துத் தள்ளும். கீழே இருப்பது மேலே வரும். காறலில் மூக்குக்குப் பின்னால் இருப்பது தொண்டைக்கு இறங்கும். நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் காற்றோடு கலந்து நுரைத்துக்கொண்டு வரும். தட்டில் இருந்ததோ புளியைக் கரைத்தது மாதிரி, ஒரு குமிழிகூட இல்லை.

அடுத்த நாள் விடியலில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். கைப்பிள்ளைக்காரிகளைத் தடுப்பூசிக்குப் பிடிக்க வேண்டுமென்றால் எனக்கு வேறு இடம் கிடையாது. மாசிப் பனி. கம்பளிக்குள் நின்ற ஒவ்வொருவர் மூக்கிலிருந்தும் புகை, காளைமாடு மாதிரி இரண்டு கோடாக. காளியாயி வாயை இறுக மூடிக்கொண்டு கோபமாக நின்றாள். அவள் மூக்கிலிருந்து ஒரே கோடு. வலது பக்கம் மட்டும். இடது பக்கம் அடைத்த புகைக்கூண்டு.

டாக்டரையாவிடம் ஓடினேன் என்று சொல்லமாட்டேன், வேகமாக நடந்தேன்.

"அது பெரிய விசயமில்லைப் பிள்ளை," என்றார் அவர். "எல்லாருக்கும் மூக்கு முறை வைச்சுத்தான் வேலை செய்யும். ஒரு பக்கம் கொஞ்ச நேரம் வீங்கி ஓய்வெடுக்கும், மற்றப் பக்கம் உழைக்கும். பிறகு மாறும்."

அது உண்மை. நானும் படித்ததுதான். அதனால் மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போது போய், ஒரு சின்னக் கண்ணாடியை அவள் மூக்குக்கடியில் பிடித்தேன். வலது பக்கம் ஆவி படிந்தது. இடது பக்கத்தில் என் விரல்தான் தெரிந்தது. சாயங்காலமும் அப்படியே. ஓய்வெடுக்கிற மூக்கு இவ்வளவு நேரம் ஓய்வெடுக்காது, வேலை வாங்குகிற கண்டாக்கையா விடமாட்டார்.

இதைச் சொன்னதும் டாக்டரையா எழுந்தார். அவர் பிடிவாதக்காரர், ஆனால் சோம்பேறி இல்லை. "கூட்டிக்கொண்டு வாரும்," என்றார்.

காளியாயியோடு பாதி லயமும் வந்தது. மற்றவர்களை வெளியே நிறுத்தினேன். பேச்சியம்மாவை நிறுத்த முடியவில்லை. "எங்க அண்ணன் பொண்டாட்டி, நான் பாக்காம யாரு பாப்பா?" என்று மூலையில் நின்றுகொண்டாள்.

மூக்கை வெளியிலிருந்து பார்த்து யாரும் அதன் உள்ளறையை மட்டுக்கட்ட முடியாது. ஓட்டை மேலே போவதாக நினைப்போம். அது நேராகப் பின்னால் போகிறது, தொண்டைக்கு. இரண்டு பக்கச் சுவரிலும் தட்டுத் தட்டாகச் சதை மடிப்புகள். தேயிலைத் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகள் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். அங்கே கொழுந்தைக் காயவைக்கிறார்கள், இங்கே மடிப்புகள் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகின்றன. நம் பனிக்காற்று அப்படியே நெஞ்சுக்குள் போனால் தாங்காது. வாசலில் உள்ள மயிர் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

டாக்டரையா நெற்றிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தை இடது மூக்குக்குள் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு சதைத் தட்டுக்கடியில், நன்றாகப் பின்னால், கறுப்பாக ஒன்று.

"ரத்தக் கட்டி," என்றார்.

ரத்தக் கட்டி தன்னைச் சுருக்கிக்கொண்டது.

டாக்டரையா என்னைப் பார்த்தார். "பிள்ளை, ரத்தக் கட்டி நடக்குமோ?"

"அதானுங்க!" என்று காளியாயி மூக்கால் அலறினாள். "மார்கழியிலருந்து மூக்குக்குள்ள என்னமோ நடக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தியாச்சும் கேட்டாளுகளா? இந்தப் பேச்சி என்னா சொன்னா தெரியுங்களா? கொழுப்பு நடக்குதுன்னா!"

அட்டை. ஓடையில் நூல் மாதிரி இருந்தபோது ஏறி, இரண்டு மாதமாக வாடகையில்லாமல் குடியிருந்து, சுண்டுவிரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. அது கடித்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் நிற்காது. கசிந்து பின்தொண்டைக்கு இறங்கியிருக்கிறது.

டாக்டரையா இடுக்கியை விட்டார். வழுக்கியது. மறுபடி விட்டார். அது இன்னும் பின்னால் போனது. அவர் வியர்த்துப்போனார், காரணத்தோடுதான். மூக்கும் வாயும் பின்னால் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அங்கிருந்து முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் சோற்றுக்குழாய். நடுவே ஒரு சின்ன மூடி, விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடும். வட்டகொடை ஸ்டேசனில் பாதை மாற்றுகிற ஆள் மாதிரி: சோறு இந்தப் பக்கம், காற்று அந்தப் பக்கம். அவன் அசந்த நேரத்தில்தான் நமக்குப் புரையேறுகிறது. அட்டை பயந்து பின்னால் விழுந்து, அதே நேரத்தில் காளியாயி திடுக்கென்று மூச்சையும் இழுத்தால், அது போகக்கூடாத பாதையில் போய்விடும்.

"மாட்டுக்குன்னா தண்ணிய காட்டணுங்க," என்றாள் மூலையிலிருந்து பேச்சியம்மா. அவள் ஒரு பசு வளர்த்தாள். "தாகமா வச்சிருந்து, மூக்குக்கிட்ட பச்சத்தண்ணிய வச்சா அட்டை எட்டிப் பாக்கும்."

"நான் என்னா மாடாடி?"

"மாடு ஓடையில மூஞ்சிய முக்கித்தான் தண்ணி குடிக்கும் மதினி. நீங்களும் அப்படித்தான் குடிக்கிறீங்க. வேற என்னா வித்தியாசம்? மாடு கத்தாது."

டாக்டரையாவுக்குச் சிரிப்பு வந்தது. "சரியாத்தான் சொல்லுது. தண்ணியைக் கொண்டு வாரும்."

காளியாயிக்கு வாய்க்கு ஒரு சொட்டும் கொடுக்காமல் நெடுநேரம் உட்காரவைத்தோம். பிறகு ஓடைத் தண்ணீரை ஒரு பேசினில் கொண்டுவந்து, மூக்கு நுனி படும்படி குனியவைத்தேன். வாயால் மூச்சு விடு, ஆடாதே, பேசாதே என்றேன். கடைசிக் கட்டளைதான் அவளுக்குக் கஷ்டம்.

கறுப்பு முனை வெளியே வந்தது. தண்ணீரை முகர்ந்து பார்த்தது. இன்னும் கொஞ்சம் நீண்டது.

"அடியாத்தீ! வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கத்தினாள் பேச்சியம்மா. அட்டை உள்ளே போய்விட்டது.

"பேச்சீ..." என்று பேசினுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தண்ணீரில் குமிழி எழும்பியது.

பேச்சியம்மா முந்தானையைச் சுருட்டித் தன் வாயிலேயே அடைத்துக்கொண்டாள். மறுபடி காத்திருந்தோம். மறுபடி வந்தது. இந்த முறை உப்புத் தண்ணீரில் நனைத்த துணி என் கையில் தயாராக இருந்தது. பிடித்தேன். வெடுக்கென்று இழுக்கவில்லை, இழுத்தால் பாதி உள்ளே நின்றுவிடும். உப்பு தாங்காமல் அதுவே பிடியை விடும்வரை இறுக்கி வைத்திருந்து, மெதுவாக வெளியே எடுத்தேன்.

அடுத்து வந்தது தும்மல். அவள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள், தொண்டை ஒரு கணம் அடைத்துக்கொண்டது, பிறகு இரண்டு மாதத்துத் தும்மலும் ஒரே தடவையில் வந்தது. விளக்கு அணைந்தது. வெளியே நின்றவர்கள், காளியாயி உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டார்கள்.

அட்டையை மருந்துப் போத்தலில் போட்டு மூடினேன். "படம் அடுத்த வெள்ளி எடுக்கலாம்," என்றார் டாக்டரையா. "ஆனால் எடுக்கத்தான் வேணும்."

பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கோயிலில் இருந்தது.

பூசாரி வீரய்யா போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மூக்குல இருந்துச்சு, சரி. அந்த ரத்தம் நெஞ்சுலருந்து வரலைன்னு எப்படிங்க நர்சம்மா சொல்றீங்க?"

கோயில் அடுப்புக்குப் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடிகள் குவிந்து கிடந்தன. ஒன்றைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தேன்.

"பூசாரியய்யா, இதுதான் நம்ம நெஞ்சு. இந்த அடிமரம் மூச்சுக்குழாய். இங்க ரெண்டாப் பிரியுது, வலது நுரையீரல், இடது நுரையீரல். இடது கொஞ்சம் சின்னது, பக்கத்துல இருதயத்துக்கு இடம் விடணும். கிளை, கிளைக்குள்ள கிளை. கொழுந்து இருக்கிற நுனியில எல்லாம் சின்னச் சின்னக் காத்துப் பை, கோடிக்கணக்குல. வெங்காயத் தோலை விட மெல்லிசு. அந்தத் தோலுக்கு இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் ரத்தம். நல்ல காத்தை ரத்தம் எடுத்துக்கும், கெட்ட காத்தைத் திருப்பிக் குடுக்கும். அங்க புண்ணு வந்து ரத்தம் கசிஞ்சா, காத்தோட நுரைச்சுத்தான் மேல வரும். இவ துப்புனதுல நுரையே இல்ல. இது மேல, மூக்குல."

"அப்ப வெத்தலை போடலை?"

"போடலை."

"போடாததப் போட்டேன்னு ஏன்டி சொன்ன?" என்று காளியாயியைக் கேட்டார்.

"கசமுன்னா பேரு வெட்டிருவாங்க. வெத்தலைன்னா நீங்க மட்டுந்தானே திட்டுவீங்கன்னு நெனச்சேனுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அவளால் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது.

"எல்லாம் சரிங்க. ஆனா மதினி காப்புக் கட்டின நாள்லருந்து சுத்தபத்தமா இருந்தாங்க. உள்ள குடியிருந்தது? அது தெனம் ரத்தம் குடிச்சுக்கிட்டுல இருந்துச்சு? காப்புக் கட்டின ஒடம்புல அசைவம் பொழங்கலாமுங்களா?"

சிரிப்பு நின்றது. இது சாதாரணக் கேள்வி இல்லை. பூசாரி தாடியைச் சொறிந்தார். காளியாயி நாத்தனாரைப் பார்த்த பார்வையில் இன்னொரு அட்டை இருந்தால் செத்திருக்கும். நான் தேயிலைச் செடியைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

பூசாரி போத்தலை மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"பேச்சியம்மா, இவளுக்குக் காப்புக் கட்டினது யாரு?"

"நீங்கதான்."

"இந்த அட்டைக்கு நான் காப்புக் கட்டினேனா?"

"இல்லீங்க."

"பெறகு அதுக்கு ஏது விரதம்? காப்புக் கட்டாதது எதையும் திங்கலாம். மஞ்சத் தண்ணியில தலை முழுகிட்டு வா, காளியாயி. சட்டி ஒனக்குத்தான்."

வெள்ளிக்கிழமை அவள் தீச்சட்டி எடுத்தாள். வேப்பிலையைக் கையில் சுற்றி, கொதிக்கிற சட்டியை ஏந்திக்கொண்டு, லயத்தடியிலிருந்து கோயில் மேடுவரை ஏறினாள். பார்த்தவர்கள் பாதிப் பேர் சட்டியைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்காமலே அவ்வளவு மேட்டையும் ஏறினாள். தப்பு மேளச் சத்தத்துக்கு இரண்டு மூக்கும் விரிந்து விரிந்து சுருங்கின. சட்டியை இறக்கி வைத்தபோது கடைசி மகள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பார்த்தாள். கொப்புளம் இல்லை. வேறு எதற்கும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நான் பொங்கல் சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளி, படம் எடுக்க நானே கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். கல்யாணத்துக்குப் போவது போலக் கிளம்பி வந்திருந்தாள். சரிகைச் சேலை, தோடு, சிவப்புக்கல் மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு. போட்டோ பிடிப்பதென்றால் சும்மாவா? ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோதே முகம் சுண்டிவிட்டது.

படம் வந்ததும் டாக்டரையா ஜன்னலில் வைத்துப் பார்த்தார். விலா எலும்புகள், நடுவே இருதயம், இரண்டு பக்கமும் சுத்தமான நுரையீரல்.

"ஒரு பிழையும் இல்லை. சந்தோசமாப் போ."

காளியாயி படத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். தலைகீழாகவும் பார்த்தாள்.

"மூக்கு எங்கங்கய்யா?"

"இது நெஞ்சுப் படம். மூக்கு வராது."

"கோளாறு மூக்குல. படம் நெஞ்சுல," என்றாள் அவள், வாசலில் மருந்துக்கு நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "இதுக்கா நான் மூக்குத்திய புளி போட்டு வெளக்குனேன்?"